ஒரு முழப் போர்வை

ஜன்னல் வழியே வரும் மதிய வெயில், பாயில் நாலடுக்காக விரித்த பழைய சேலைத் துண்டுகள் மேல் விழுகிறது. குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறான் வீரமணி. பாப்பாரப்பட்டி மண்டியில் பன்னிரண்டு வருஷமாகப் புளி மூட்டைக்கு வாய் தைக்கிற கை அது. கோணி ஊசிக்குப் பழகிய விரல்களில் இந்தச் சன்ன ஊசி நிற்க மாட்டேன் என்கிறது. மூட்டைக்கு இழுக்கிற வேகத்தில் நூலை இழுக்கிறான், துணி சுருங்கிக்கொள்கிறது. நீவி விடுகிறான். குறைமாதத்தில் பிறந்து இருபத்தாறு நாளாக ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த மகள் நாளைக்கு வீட்டுக்கு வருகிறாள். முதல் போர்வைக்குப் புதுத்துணி ஆகாது, தாயின் பழைய சேலைதான். கடைசி ஓரத்தையும் தைத்து முடிச்சுப் போட்டு, தன் கையை அதன் மேல் வைத்துப் பார்க்கிறான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, சரியாக ஒரு முழம். முதல் நாள் நர்ஸம்மா தூக்கிக் காட்டியபோது மகள் அவ்வளவுகூட இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவி அமுதவல்லிக்கு வீடியோவில் காட்டுகிறான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னங்க இது, கைக்குட்டையாட்டம் இருக்குது?”

“பாப்பா இவ்ளோதான இருக்கறா?”

“இப்ப இருக்கறா. அப்பிடியேவா இருப்பா? வளர மாட்டாளா?”

இந்த இருபத்தாறு நாளில் ‘வளருவாள்’ என்கிற வார்த்தையை யாரும் அவனிடம் சொன்னதில்லை. போனைச் சுவரில் சாய்த்து வைக்கிறான். முடிச்சைப் பல்லால் கடித்து, ஓரத்து நூலை உருவிப் போடுகிறான். பிறகு பீரோவைத் திறந்து, அமுதவல்லியின் மஞ்சள் சேலையை எடுத்து முழுசாக உதறி விரிக்கிறான். அது பாயைத் தாண்டி, வாசற்படி வரைக்கும் போகிறது.