ஐசியு வாசலில் லூர்துமேரி

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் வழியில் பைக்கிலிருந்து விழுந்த அர்ஜுனனை மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.

"மூளையில வீக்கம் குறையட்டும்மா. அதுவரைக்கும் எழுப்ப மாட்டோம்" என்றார் டாக்டர்.

பெங்களூருக்கு வந்து மூன்றே மாதமான அவன் மனைவி வனஜாவுக்கு, ஐசியு வாசலில் கிடைத்த ஒரே துணை ஆஸ்டின் டவுன் லூர்துமேரி. அவள் தம்பிக்கும் தலையில் அதே மாதிரி அடி; அடுத்த அறையில் சேர்த்திருந்தார்கள். தினமும் வனஜாவுக்கும் சேர்த்தே சாப்பாடு கொண்டுவருவாள்.

"தம்பி எப்படிக்கா இருக்காரு?"

"அவனுக்கு இப்ப ஒரு வலியும் இல்லம்மா. நீ மொதல்ல சாப்பிடு."

பதினாலாம் நாள் மயக்க மருந்தை நிறுத்தினார்கள். அர்ஜுனன் மெல்லக் கண் திறந்து, வனஜாவின் விரலை அழுத்தினான்.

அவள் நர்ஸ் மைதிலியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களை மறக்கவே மாட்டேன் சிஸ்டர். லூர்துமேரி அக்கா தம்பியும் இப்படிக் கண் முழிக்கணும்."

மைதிலி தயங்கினாள். "அவர் இறந்து பத்து நாளாச்சேம்மா."

வனஜா வெளியே ஓடினாள். "ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா, நீ ஒவ்வொரு தடவையும் பயந்துகிட்டே உள்ள போயிருப்பியேம்மா. உன் வீட்டுக்காரர் கண்ணு தொறந்தாரா?"

தலையாட்டிய வனஜாவைக் கட்டிக்கொண்டு, லூர்துமேரி அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.