மூன்றாவது வரிசை

‘தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் அல்லவா காடு காற்றில் அசைகிறது!’ என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள் ஊர்த்தலைவி.

“கேக்கறீங்களாம்மா? அது மனுஷன் கை படாத காடு. அதைக் காப்பாத்தணும்னா நீங்க ஊரைக் காலி பண்ணியே ஆகணும். கையெழுத்துப் போடுங்க” என்றார் அதிகாரி.

“உள்ள போய்ப் பாத்தீங்களா சார்?”

“மேப்ல பாத்தேனே!”

“மூணாவது வரிசை மரமெல்லாம் கோணலா நிக்கும். அன்னிக்குக் கன்னு நட, கயிறு பிடிச்சவ இவதான், என் நாத்தனார்.”

“முப்பது வருஷமா அண்ணி இதையே குத்திக் காட்டுறாங்க சார்!” என்று சிணுங்கினாள், தேநீர் கொண்டுவந்த நாத்தனார். “அப்ப இது வெறும் பொட்டல். ஊரே குடம் குடமாத் தண்ணி சுமந்துச்சு. என் இடுப்பைக் கேளுங்க, சொல்லும்!”

அதிகாரி நீட்டிய பேனாவை வாங்கிய ஊர்த்தலைவி, அதை மூடி, கையெழுத்தில்லாத தாளின்மேல் வைத்துவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.