இரண்டு சென்டிமீட்டர்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா எக்ஸ்ரே மேஜையில் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் நான் டயாலிசிஸ் டெக்னீஷியன் கருப்பணனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு டயாலிசிஸ் முடிந்ததும் அம்மாவின் நெஞ்சிலிருக்கும் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நிரப்பி மூடுவது அந்தக் கைகள்தான்.

ஆறு வாரத்தில் மூன்றாவது தடவையாகக் குழாய் மக்கர் செய்கிறது. மருந்து உள்ளே போகிறது. ரத்தம் வெளியே வருவதில்லை.

அம்மாவுக்கு வேறு நரம்புகள் எல்லாம் அடைத்துவிட்டன. கையில் செய்த ஆபரேஷனும் சரிவரவில்லை. இந்த வழியும் போனால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கிளாரா போன தடவையே சொல்லியிருந்தார்.

நான் வேதியியல் படித்தவள். ஒருநாள் டயாலிசிஸ் அறைக் குப்பைக்கூடையில் மருந்துக் குப்பி பாதி நிறைந்தே கிடந்தது. படம் எடுத்துக்கொண்டேன். புகாரும் எழுதி போனில் வைத்திருந்தேன். அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

"என்ன தங்கச்சி, நான் மருந்து போடாம விட்டுட்டேன்னுதானே பாக்குறீக? செத்த நேரம் பொறுங்க, படமே சொல்லிரும்" என்றார் கருப்பணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு முகம் சுட்டது. அந்த நிதானத்தையும் நான் நம்பவில்லை.

டாக்டர் குழாய்க்குள் சாயத்தைச் செலுத்தினார். கறுப்புக் கோடு தடையில்லாமல் ஓடியது. உறைந்த ரத்தம் எங்கும் இல்லை. ஆனால் இதயத்துக்குள் இருக்க வேண்டிய குழாயின் நுனி அதற்கு மேலேயே நின்றது.

"ரெண்டு சென்டிமீட்டர் வெளிய வந்திருக்கு. ஜெய்தூன்மா, யாரு இதை இழுக்கிறது?" என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டார்.

நான் கருப்பணனைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

உள்ளே பேசுவது எங்களுக்குக் கேட்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது.

"வீட்டுக்கு வர்ற பொம்பளைக கட்டிப்பிடிச்சு சலாம் சொல்லுவாகள்ல டாக்டரம்மா. நெஞ்சுல தட்டுப்பட்டுரும். அதான் அக்குள் பக்கம் இழுத்து பிளாஸ்திரி போட்டுக்கிட்டேன். மூணே தடவதான்."

இந்த முறை இதே வழியில் கம்பி விட்டுக் குழாயை மாற்றிவிடலாம், இன்னொரு முறை முடியாது என்றார் டாக்டர்.

பேகம்பூரில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் அதிகம் வருவதில்லை. அந்த ஆறு வாரத்தில் வந்தவர்கள் மூன்று குடும்பம்.

மூன்று வீட்டாரும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்.

நான்காவது வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.