பத்து நிமிஷ வேலை

டிவியை அணைக்கப் போன கணவரின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள் மனைவி.

"இருங்க. வீட்டு ரிப்பேர் நிகழ்ச்சி ஓடுது. நான் எழுதிப் போட்ட கேள்வி இன்னைக்கு வருதாம்."

"நீயா? என்ன கேள்வி?"

"பாத்ரூம் கதவுதான். எட்டு மாசமா தரையை உரசுது. உங்ககிட்ட சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது."

"எங்கிட்ட கேட்டா நானே வழி சொல்லியிருப்பேனே."

"சொல்லுவீங்க. செய்யமாட்டீங்க."

"அதுக்காக வீட்டு விஷயத்தை ஊருக்கே சொல்லணுமா?"

"பேரு போடலை. 'ஒரு இல்லத்தரசி'ன்னுதான் எழுதினேன்."

டிவியில் அறிவிப்பாளர் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியைக் கேட்டதுமே அவர் ரிமோட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்."

அவள் கூட்டினாள்.

"அம்மா, கதவைக் கழற்றி அடிப்பக்கத்தை உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சா போதும்," என்றார் நீலச் சட்டை போட்டிருந்த நிகழ்ச்சியின் நிபுணர். "பத்து நிமிஷ வேலை. இதுக்கு எட்டு மாசம் இழுத்தடிக்கிறார்னா, உங்க வீட்டுக்காரர் சரியான சோம்பேறி. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

அரங்கமே கைதட்டியது. கணவர் சோபாவுக்குள் புதைந்துபோனார்.

அவள் டிவியை அணைத்தாள். தயாராக வாங்கி வைத்திருந்த உப்புத்தாளை அவர் மடியில் போட்டாள்.

"அந்த நீலச் சட்டை டிவியில உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்குங்க. ஆனா கதவைத் தேய்க்க பழைய சட்டையே போதும். எழுந்திருங்க."