ஆர்டரை உடைத்த தேங்காய்

"தேங்கா உடைக்காம என்ர பம்ப் ஓடாதுங்க."

ரங்கநாயகி சொன்னதைக் கேட்டு மோகன்குமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சூலூரில் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்து, வேக்குவம் பம்ப் கம்பெனியாக வளர்த்தவர் ரங்கநாயகி. கோபம் வந்தால் மேஜை உடையும். விலை பேசினால் எதிராளி உடைவான்.

எதிரே சென்னை ஏஜென்ட் கிஷன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டுப் பால் பவுடர் ஃபேக்டரி ஒன்றுக்குப் பம்ப் வாங்க வந்தவன். சொன்ன விலைக்குத் தலையாட்டினான். கேரண்டி கேட்கவில்லை. ஸ்பேர் கேட்கவில்லை. மாட்டிக் கொடுக்க ஃபிட்டர்கூட வேண்டாம் என்றான். இப்படியும் ஒரு தங்கமான மனுசனா என்று மோகனுக்குப் புல்லரித்துப் போயிருந்தது.

ஆர்டர் இல்லாமல் பாதி ஷெட் இருட்டிக் கிடந்த நேரம் அது. போன மாதம்தான் மோகனை ஏற்றுமதி மேனேஜர் ஆக்கியிருந்தார் முதலாளி அம்மா. அவன் பிடித்து வந்த முதல் ஆர்டர் இது. 'ஆயுதத் தயாரிப்புக்கு உதவும் பொருட்களின் பட்டியலில் இந்தப் பம்ப் இல்லை. பால் பவுடருக்குத்தான் போகிறது' என்று அரசாங்கத்துக்கு உறுதிமொழி எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டான். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

இப்போது போய்த் தேங்காயா?

"எங்க ஃபிட்டர் நேர்ல வந்து, தேங்கா உடைச்சுத்தான் சுவிட்சு போடுவானுங்க. அது எங்க வழக்கம்," என்றார் ரங்கநாயகி.

அப்படி ஒரு வழக்கம் இருப்பதே மோகனுக்குத் தெரியாது. ஆயுத பூஜை அன்றைக்கே, சூடம் எரிய எரிய ஃபோனில் விலை பேசுகிற மனுஷி! வயசானால் பக்தி முத்திவிடும் போலிருக்கிறது.

"மேடம், அந்த நாட்டுல பூஜையெல்லாம் பண்ண விடமாட்டாங்க," என்றான் கிஷன். "வேணும்னா பம்புக்கு ஐயாயிரம் சேர்த்துக்குங்க."

"அப்பத் தேங்கா வேண்டாம். ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுக்கறோம்."

"பத்தாயிரம்."

"பழமும் வேண்டாம். ஃபிட்டர் மனசுக்குள்ள கும்புட்டுப்போட்டு வந்துருவான்."

"விசா கிடைக்காது மேடம். பதினஞ்சு!"

"செரி, யாரும் வரலைங்க. பம்ப் நிக்கப்போற எடத்த வீடியோவுல காட்டுங்க. இங்கிருந்தே சூடம் காட்டிப்போடறேன்."

கிஷன் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது. "இருபது. பூஜைப் பேச்சே வேண்டாம்."

விற்கிறவர் பூஜையை இறக்க இறக்க, வாங்குகிறவன் விலையை ஏற்றுகிறான். இப்படி ஒரு பேரத்தை மோகன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"எந்திரிங்க!" மேஜை அதிர்ந்தது. "ஒரு சூடத்துக்கு எடமில்லாத ஊருக்கு என்ர பம்ப் போகாது. நடையக் கட்டுங்க!"

"ஏனுங்கம்மா, ஒரு தேங்காய்க்காக ஒரு வருசத்து ஆர்டரைத் தூக்கி வீசிட்டீங்களே!" மோகனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிஷன் வேறு ஊரில் வாங்கிக்கொண்டான் என்று சேதி வந்தது. சூலூரே சிரித்தது. 'தேங்கா கம்பெனி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மோகன் ஒரு வாரம் அம்மா முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ரங்கநாயகி கண்டுகொண்டால்தானே! அவர் கென்யாவிலிருந்து வந்த பால் பண்ணைக்காரர் ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் பொழுது முழுக்க விலை பேசினார். கேரண்டி கேட்டார். ஃபிட்டரை ஓசியில் அனுப்பச் சொன்னார்.

"இவுருதான்டா மனுசன்!" என்று சந்தோஷமாகக் கத்தினார் அம்மா. ஷெட் முழுக்க விளக்கு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுங்கப் புலனாய்வு அதிகாரி ஃபர்சானா ஜீப்பில் வந்து இறங்கினார்.

"கிஷன் ஃபோன்ல உங்க நம்பர் இருக்கு. அவனுக்குப் பம்ப் வித்தீங்களா?"

"இ... இல்லைங்க மேடம்," என்றான் மோகன்.

"அவன் சொன்ன பால் பவுடர் ஃபேக்டரியே கிடையாது. எல்லாம் ஏவுகணை செய்யற இடத்துக்குப் போக இருந்தது. துறைமுகத்துலயே மடக்கிட்டோம். யாரோ ஒரு அம்மா ஃபோன்ல துப்புக் கொடுத்தாங்க. பேர் சொல்லலை. 'தூங்கறீங்களா'ன்னு எங்களையே வெளுத்து வாங்கிட்டாங்க."

"ஆனா மேடம், அந்தப் பம்ப் பட்டியல்லயே இல்லைங்களே?"

"இல்லைன்னா என்ன? ஆயுதத்துக்குப் போகுதோன்னு சந்தேகம் வர்ற இடத்துல கண்ணை மூடிக்கிட்டு வித்தாலும் சட்டப்படி குத்தம்தான். நம்ம நாடு மத்த நாடுகளுக்குக் கொடுத்த வாக்கு அது. அவனுக்கு வித்த கம்பெனியில, உறுதிமொழியில கையெழுத்துப் போட்ட மேனேஜர் இப்ப உள்ள இருக்கார். ஆமா, நீங்க ஏன் விக்கலை?"

மோகன் உளறினான். "தேங்கா... உடைக்க விடலைங்க."

ஃபர்சானா ரங்கநாயகியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

"சாமி காப்பாத்திருச்சுங்கம்மா!" மோகன் துள்ளினான். "நாளைக்கே பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்கா!"

"தேங்கா விக்கிற வெலையிலயா? ஊட்டுக்குக் கொண்டுபோயிச் சட்னி அரைக்கச் சொல்லு," என்று சீறினார் ரங்கநாயகி. "வெல பேசாத மனுசன நான் நம்பறதில்ல. தேங்கா உடைக்கோணும்னா எடத்தக் காட்டியாகோணுமல்ல? அதுக்குத்தான் கேட்டேன்."

"அதை அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க? ஊரே உங்களைப் பார்த்துச் சிரிச்சுதே!"

"சொன்னா நீ நேரா அவங்கிட்டயே போயிக் கேட்டிருப்பே. சிரிச்சாச் சிரிக்கட்டும். போன மானத்தப் பேரம் பேசி வாங்கிக்குவேன் கண்ணு, உள்ள போனவன வாங்க முடியுமா? அந்தப் பேப்பர்ல இருந்தது உன்ர கையெழுத்தாச்சே!"