ஸ்டெப்னிக்கு ஓர் இடம்

பழைய பிக்கப் வண்டி புதுப் பச்சைப் பெயிண்டில் காலை வெயிலை வாங்கி ஷெட் சுவரெல்லாம் அள்ளித் தெளிக்கிறது. நர்சரிக்காரியின் கணவர் டிரைவர் கதவுக்குப் பின்னால், வண்டியின் பக்கவாட்டில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி மாட்டி, நாக்கைக் கடித்தபடி கடைசி நட்டை முறுக்குகிறார். ஒரு வாரமாக வீட்டில் இதே பஞ்சாயத்து. பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில் போட்டால் அவளுடைய ரோஜாச் செடிகளுக்கு இடமில்லை. வண்டிக்கு அடியில் தொங்கவிட்டால், பஞ்சராகும் நாளில் சேற்றில் மல்லாந்து படுக்க என்னால் ஆகாது என்று அவள் தம்பி கையை விரித்துவிட்டான். "சைடுல மாட்டினாத்தான் பழைய வண்டிக்கே ஒரு கெத்து" என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். இப்போது பார்த்தால் கெத்தாகத்தான் இருக்கிறது. கறுப்பு டயரின் நடுவே பளபளவென்று வெள்ளி மூடி, அதற்குள் குட்டியாக அவள் முகம். தம்பி விசிலடிக்கிறான். ஸ்பேனர் டப்பாவில் விழும் சத்தம்கூடக் கைதட்டல் மாதிரி கேட்கிறது. முதல் லோடு செடிகள் வாசலில் காத்திருக்கின்றன. அவள் பெட்ரோல் கேனோடு வண்டியைச் சுற்றி வருகிறாள். மறுபடியும் ஒரு சுற்று. "ஏங்க, பெட்ரோல் டேங்க் மூடி எங்க?" கணவரின் கை மெல்ல உயர்ந்து, ஸ்டெப்னியைத் தொட்டு, அங்கேயே நிற்கிறது. தம்பியின் விசில் பாதியில் அறுகிறது. அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள், தோள் குலுங்குவதை என்ன செய்வது? அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "அதனால என்ன? பஞ்சராகும்போது டயரைக் கழட்டத்தானே போறோம். அப்பவே பெட்ரோலும் போட்டுக்கலாம்."