ஒத்துப்போன கையெழுத்து

கோகிலவாணி மறுபடியும் கையெழுத்துப் போட்டாள்.

மறுபடியும் நன்றாகவே விழுந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ரெஜினா, தாளைக் கணினித் திரையோடு வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒத்துப்போகலீங்கக்கா. ஹெட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாங்க. மொதல்ல போட்ட மாதிரியே போடுங்க."

முதலில் போட்டது ஐந்து மாதத்துக்கு முன்னால். முடக்குவாத ஊசியை உதவித் திட்டத்தில் வாங்க இந்த மருந்தகத்தில் பெயர் பதிந்த நாள். அன்று பேனாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். 'கோகில' எப்படியோ வரியில் நின்றது. 'வாணி' கீழே சரிந்து கிடந்தது.

அன்றைக்கே ரேகை வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள்.

இருபத்திரண்டு வருடமாக அங்கன்வாடிப் பதிவேடு எழுதுகிறவள். சத்துமாவு வாங்க வந்த எத்தனையோ பெண்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவள். அவளாவது, கைநாட்டாவது! ஒரு பெயரை எழுதக் கால் மணி நேரம் ஆனது. முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மாதம் ஒன்றாக நாலு ஊசி போட்டாயிற்று. போன மாதம்வரை கையெழுத்து சரிந்தே விழுந்தது; இப்போது காலையில் விரல் மடங்குகிறது. சேலைக்குப் பின் குத்த மகளைக் கூப்பிடுவதில்லை. பேனா தன்னால் ஓடுகிறது.

அதுதான் இப்போது தகராறு.

ஐந்தாவது ஊசி உள்ளே குளிர்பெட்டியில் இருக்கிறது. கையெழுத்து ஒத்துப்போனால்தான் வெளியே வரும். வராவிட்டாலும் வழி இல்லாமல் இல்லை. கொஞ்ச நாள் ஊசி இல்லாமல் இருந்தால் போதும், பழைய கையெழுத்து தானாக வந்துவிடும்.

நல்லதுக்குக் காலமில்லை.

"கையெழுத்து மாத்தோணும்னா ஒரு மாசம் ஆகுங்க. ரேகைன்னா இப்பவே முடிஞ்சிரும்."

ரெஜினா மைப்பெட்டியை நகர்த்தினாள். கோகிலவாணி அதைத் திருப்பி நகர்த்தினாள்.

திரையை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னாள்.

பார்த்துப் பார்த்து வரைந்தாள். தன் கையெழுத்தையே கள்ளக் கையெழுத்தாகப் போட வேண்டியிருந்தது. முதல் தடவை நடிப்பு அப்பட்டமாகத் தெரிந்தது.

அப்புறம் விரல்களை உள்ளே இறுக்கினாள். முழங்கையை மேசையில் ஊன்றினாள். வலது கையின்மேல் இடது கையை வைத்துத் தள்ளினாள்.

'கோகில' நின்றது. 'வாணி' சரிந்தது. 'ணி'யில் ஒரு சுழி விட்டுப்போயிற்று, அன்று விட்டுப்போனது போலவே.

அதை அவள் வேண்டுமென்று விடவில்லை.

"இதாங்கக்கா!" ரெஜினா தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் தன் கையைப் பார்த்தாள். ஒன்றையும் அது மறக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

கழித்துப் போட்ட தாள் ஒன்று மேசையில் கிடந்தது. அதைத் திருப்பினாள். பெயரை எழுதினாள். நேராக வந்தது. இன்னொரு முறை எழுதினாள். நேராகத்தான் வந்தது.

ரெஜினா பனிக்கட்டி வைத்த பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

கோகிலவாணி நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஏழாவதில் 'ணி' லேசாகச் சாய்ந்தது போல இருந்தது.

எட்டாவதை எழுத ஆரம்பித்தாள்.